புது உப்பு

வேலை நாட்களில் நான் வெங்காயம் சாப்பிடுவதில்லை. வெங்காயத்துக்குப் பேர்போன அவாஜித் தீவில் பிறந்துவிட்டு இப்படி ஒருத்தியா என்று எங்கள் தெருக் காய்கறிக் கடைக்காரர் கேலி செய்வார். முப்பத்தொரு வருடமாக மூக்கை வைத்துப் பிழைக்கிறவள் நான். வெங்காயம், பூண்டு, காபி, வாசனைச் சோப்பு எதையும் கிட்டே சேர்ப்பதில்லை. இன்று மதியம் நீங்கள் கொடுத்த சாப்பாட்டில் வெங்காயம் இருந்தது. இனி வேலைக்குப் போகப்போவதில்லை என்பதால் சாப்பிட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா, வாயால் பதில் சொன்னால் முன்பின்னாகிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். காகிதம் கொடுத்ததற்கு நன்றி. நீங்கள் கோபேக்காரர். எங்கள் ஊர் வழக்கம் ஒன்றிரண்டை நடுவில் சொல்லவேண்டி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரித்சுகோ. வயது ஐம்பத்தாறு. எய் துறைமுகத்தில், ஊதுபத்திக் கூடங்கள் இருக்கும் தெருவில் வீடு. நான் வேலை பார்த்த கூடத்தின் பெயரை இதில் எழுதமாட்டேன். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் நானும் தங்கை கயோவும்தான். கயோவுக்கு நாற்பத்தைந்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பதினான்கு வயதில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்து, முப்பத்திரண்டாவது வயதில் முழுக்கப் போய்விட்டது. அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினாறு. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

கண்ணும் காதும் இல்லாதவர்களோடு பேச எங்கள் நாட்டில் ஒரு வழி உண்டு. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவர்களுடைய இரண்டு கைகளிலும் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களின் மேல் நம் விரல்களை வைத்துத் தட்ட வேண்டும். மொத்தம் ஆறு விரல். பிரெயில் எழுத்தில் ஆறு புள்ளி. பழகிவிட்டால் வாயால் பேசும் வேகத்துக்கே பேசலாம். கயோ பதிலை என் விரல்களில் தட்டுவாள். அவளுக்கு மழை வந்தாலும் பக்கத்து வீட்டில் சண்டை வந்தாலும் என் விரல் வழியாகத்தான் வரும்.

அப்படிப் பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. சித்தி வந்து, "பாவம், இது இருந்து என்ன பண்ணப்போகுது?" என்று சொன்னால், "சித்தி உன் சட்டை நல்லா இருக்குங்கறாங்க" என்றுதான் நான் தட்டுவேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அவளுடைய முப்பத்து நான்காவது வயதில் ஒசாகாவில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. தனியாக நடக்க, சமைக்க, வேலை செய்ய இரண்டு வருடம் தங்கிக் கற்றுக்கொள்ளும் இடம். "இடம் இல்லையாம்" என்று தட்டினேன். ஏப்ரலில் வரச் சொல்லித்தான் எழுதியிருந்தார்கள். ஒசாகா பெரிய ஊர். ரயில் நிலையத்தில் யாராவது இடித்துத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? அவளுக்கு வலிக்கக்கூடியதை மட்டும்தான் நான் எப்போதும் விட்டுவிடுவேன்.

அந்த இடம் இல்லாத கதையைத் தட்டியபோது அவள் என் கையை எடுத்து மூக்கருகே வைத்தாள்.

"அக்கா, நீ பொய் சொன்னா உன் கை வேற வாசனை அடிக்குது. பழைய இரும்புச் சாவி மாதிரி."

"பாத்திரம் தேய்ச்சேன்."

"சரி, பாத்திரம்தான்" என்று தட்டிவிட்டுச் சிரித்தாள். ஒசாகா பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

எங்கள் ஊரில் ஊதுபத்தியை முகர்கிறோம் என்று சொல்வதில்லை. கேட்கிறோம் என்போம். நவம்பர் மாதம் ஊர்ச் சாவடியில் வாசனை விளையாட்டு நடக்கும். ஐந்து தணல்கிண்ணங்கள் சுற்றி வரும். எதுவும் எதுவும் ஒன்று என்று சொல்ல வேண்டும். இருபது வருடம் தொடர்ந்து கயோதான் ஜெயித்தாள். நான் சம்பளம் வாங்கும் மூக்கு. அவள் என்னைவிட ஒரு படி மேல். எனக்கு அதில் பொறாமை கிடையாது, கொஞ்சம் அசௌகரியம் இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குள் என் வழியாக வராதது அந்த ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் கூடம் வாசனைக் கருவி செய்ய இறங்கியது. போனில் ஒருவர் தொட்டால் இன்னொருவர் கழுத்தில் தொங்கும் பெட்டி ஒரு மூச்சளவு வாசனை விடும். இரண்டு மூச்சில் அது போய்விடும். கண், காது இல்லாதவர்களுக்கு இதில் செய்தி அனுப்பலாம் என்று சொன்னவர் பொறியாளர் ஹிதாகா. தீப்பெட்டி இரண்டை ஒட்டினாற்போல ஒரு பெட்டி, அதற்குள் ஆறு குப்பி, மேலே அழுத்தி அனுப்ப ஆறு மேடு. வெந்த சோறு, சுதாச்சி எலுமிச்சை, சந்தனம், கடற்பாசி, இஞ்சி. ஆறாவது மூக்கில் சுள்ளென்று ஏறும் வசாபிக் காரம், அது தீ, நிலநடுக்கம் போன்ற ஆபத்துக்கு மட்டும். ஆறையும் கலந்து உருவாக்கியவள் நான். சுதாச்சிக்கு மட்டும் எட்டு மாதம் பிடித்தது. தோல் நகத்தில் கிழியும் அந்தக் கணம் வேண்டும் என்று ஹிதாகா கேட்டார், கொடுத்தேன்.

அவர் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கயோவின் கழுத்தில் மாட்டினார்.

"கயோ-சான், இது உங்க சொந்த தபால்காரர்னு வெச்சுக்குங்க. வாயே திறக்க மாட்டார்."

நான் தட்டினேன். கயோ உடனே பதில் தட்டினாள்.

"கொண்டுவந்தவருக்குத் தலையில முடி இல்லைதானே?"

ஹிதாகா வழுக்கையைத் தடவிக்கொண்டு, "எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"ஷாம்பூ வாசனையே வரல. வெறும் சோப்பு. ரொம்ப சிக்கனம்."

அன்று மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான்.

ஆபத்துக் குப்பியை விட்டால் ஐந்து வாசனை. ஒன்றை மட்டும் அனுப்பினால் ஐந்து செய்தி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை அனுப்பினால் இருபத்தைந்து. முப்பது செய்திகளுக்கு ஹிதாகா ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். சோறு என்றால் சாப்பாடு, கடற்பாசி என்றால் குளியல், சந்தனம் என்றால் சரி. கயோ ஒரு வாரத்தில் பாடம் செய்துவிட்டாள். சமையலறையிலிருந்து நான் போனைத் தொட்டால் முன்னறையிலிருந்து எழுந்து வருவாள். எனக்கும் வேலை மிச்சம். அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

உராபே என்பவர் தோகுஷிமாக்காரர். நருத்தோ பாலத்தைத் தாண்டினால் ஒன்றேகால் மணி நேரப் பேருந்துப் பயணம். சிறு வயதிலேயே கண் போனவர், உடம்பு பிடித்துவிடும் மசாஜ் தொழில், ஐம்பத்து நான்கு வயது. காதும் போய்க்கொண்டிருக்கிறது. வலது பக்கம் கருவி வைத்துக் கத்தினால் கேட்கும். அவரும் பெட்டியைச் சோதிப்பவர்களில் ஒருவர். போன வருடம் இலையுதிர் காலத்தில் கண்காதற்றோர் சங்கக் கூட்டத்தில் பழக்கம். முதல் பேச்சை நடுவில் உட்கார்ந்து சொன்னவள் நான்தான்.

"உங்க தங்கச்சி சிரிச்சா பலகைத் தரை அதிருது. எனக்கு அது புடிச்சிருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

"பார்த்ததுல சந்தோஷமாம்" என்று தட்டினேன்.

அவருக்கும் விரல் தட்டத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. பத்து நிமிடத்தில் என்னைத் தாண்டிக் கை நீட்டி கயோவின் விரல்களைப் பிடித்துவிட்டார். நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தினேன். தேநீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜனவரியில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் வேலையாக இருந்த இரண்டு மணி நேரமும் இருவரும் அருகருகே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று அவர்கள் ஹிதாகாவின் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்களுக்கென்று புதிதாக ஒன்று வைத்துக்கொண்டார்கள் என்று எனக்கு அடுத்த வாரம்தான் புரிந்தது. இஞ்சி, பிறகு சோறு. கயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடற்பாசி, பிறகு சந்தனம். கையில் இருந்த துணியை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். காலை ஏழு மணிக்குத் தவறாமல் சுதாச்சி, பிறகு சந்தனம்.

இன்ஸ்பெக்டர் அம்மா, இதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். கயோவின் பிரெயில் கருவிக்கு வரும் கடிதம் திரையிலும் தெரியும், அதை நான் பார்த்துத்தான் கொடுப்பேன். விரலில் பேசினால் தள்ளி நின்றாவது படித்துவிடுவேன். இது மட்டும், நான் பிறப்பித்த வாசனைகள், என் வீட்டு முன்னறையில் என் மூக்கின் முன்னாலேயே வந்து போகின்றன, எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். எந்த வாசனை, எத்தனை மணி, அவள் முகம் எப்படி இருந்தது. நாற்பது பக்கம். உங்கள் ஆட்கள் எடுத்துக்கொண்டு போன நோட்டு அதுதான்.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்ன சொன்னார்?"

"உனக்கெதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டா சாவி வாசனை ஏன் வருது?" என்று தட்டி, என் மூக்கைப் பிடித்து ஆட்டினாள்.

பிப்ரவரி முதல் வாரம், நான் அவளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஜூன்ல நான் தோகுஷிமா போறேன் அக்கா. அங்கேயே இருக்கப்போறேன். உதவிக்கு ஆள் வருவாங்க, சங்கத்துல ஏற்பாடு பண்ணியாச்சு."

"நான்?"

"நீ தூங்கு. சினிமாவுக்குப் போ. வெங்காயம் சாப்பிடு. இருபத்தொன்பது வருஷமா என்னையே தூக்கிட்டுத் திரியற, உனக்குச் சலிக்கலையா? ஞாயித்துக்கிழமை வா, மீன் வறுத்துத் தரேன்."

எனக்கு அழுகை வந்தது என்பதை மறைக்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் என் கைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. மிச்ச நகங்களையும் வெட்டி முடித்தேன்.

பிப்ரவரி பாதியில் தேவதாரு மகரந்தம் காற்றில் கிளம்பி எல்லோருக்கும் தும்மலும் மூக்கடைப்பும் கொண்டுவரும். உங்கள் ஊரிலும்தான். நாங்கள் இருவரும் காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மூக்கு கழுவுகிறவர்கள். பல வருடப் பழக்கம். நான் கிண்ணத்தில் உப்புக் கரைத்துக் கொடுப்பேன், கயோ தலையைச் சாய்த்துக்கொள்வாள், நானே ஊற்றிவிடுவேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அசையாமல் நிற்பாள்.

எங்கள் கூடத்தில் பழைய குப்பியில் புது வாசனை நிரப்புவதற்கு முன், பழையதை வேரோடு எடுக்க ஒரு நீர் உண்டு. அது கையில் பட்டால் கழுவ வேண்டும், மூக்கருகே கொண்டுபோகக் கூடாது என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். கொண்டுபோனால் என்ன ஆகும் என்றும் சொல்வார்கள். முதலில் என் இடது நாசியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். எரியவில்லை. நான்காவது நாள் அந்தப் பக்கத்தில் சந்தனம் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவளுக்கு வலிக்காது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் அதைச் செய்தேன். வலித்திருந்தால் கண்டிப்பாக விட்டிருப்பேன்.

பெட்டியை உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல கேள்வி. உடைத்தால் ஹிதாகா இன்னொன்று கொண்டுவருவார். குப்பிகளை மாற்றி வைத்தால் ஒரே நாளில் கயோ கண்டுபிடிப்பாள். நான் எது சொன்னாலும் என் கை சாவி வாசனை அடிக்கும். எல்லா வழியும் அந்த ஒரே இடத்தில் வந்து முட்டியது.

முதல் நாள் காலை ஒரு பக்கம் ஊற்றியதும் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னைக்குத் தண்ணி வேற மாதிரி இருக்கே."

"புது உப்பு" என்று தட்டினேன்.

என் கையைப் பிடித்து முகர்ந்தாள். கொஞ்ச நேரம் விடவில்லை. நான் அப்போதே நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நான் போறது உனக்கு வருத்தமா இருக்கு, இல்லைன்னு சொல்லாதே. வாசனையே சொல்லுது. அழாதே அக்கா" என்று தட்டினாள். பிறகு மறுபக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

பத்தொன்பது காலைகள். பன்னிரண்டாம் நாள் அவள் என் கையை முகர்ந்துவிட்டுச் சாவி வாசனையைப் பற்றிப் பேசாமல் தலையைச் சாய்த்துக் காட்டினாள். அன்று எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

மூக்கடைப்பு என்று நினைத்தாள். இந்த வருடம் மகரந்தம் அதிகம், ஊரெல்லாம் இப்படித்தான் என்றேன். ஏப்ரலில் இரண்டு நாள் லேசான காய்ச்சல் வந்தது. சில பேருக்குக் காய்ச்சலில் மூக்கு போய்விடுகிறதாம் என்றேன். சோறு அட்டை மாதிரி இருக்கிறது என்று பாதியில் கிண்ணத்தை வைத்துவிடுவாள். டாக்டரிடம் போகலாம் என்றாள். கேட்டுவிட்டேன், தானாகச் சரியாகுமாம் என்றேன். பிரெயில் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பதாகவும் சொல்லியிருந்தேன். அது என் அலமாரியில் இருந்தது.

அதன்பிறகுதான் அவள் அதைக் கேட்டாள்.

"அக்கா, எனக்குத் தெரியல. பெட்டி ஏதாவது சொல்லுதான்னு நீ கேட்டுச் சொல்றியா?"

மறுபடியும் அவளுக்கு நான் வேண்டியிருந்தது. அந்த நாள் தேதிகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏப்ரல் பதினேழு. மணி சரியாக ஏழு, முன்னறையில் சுதாச்சி இருந்தது, அதன்பின் சந்தனம்.

"ஒண்ணும் வரல" என்று தட்டினேன்.

தினமும் கேட்பாள், தினமும் தட்டுவேன். அவள் அனுப்பியவை என் போன் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே நிறுத்திவைத்தேன், அவள் அனுப்பவே இல்லை என்றுதான் ஹிதாகாவுக்குத் தெரியும். வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஹிதாகாவின் கணினியில் தெரிந்துவிடும். அதோடு, உண்மையைச் சொன்னால், அந்தச் சுதாச்சி நான் செய்ததிலேயே நல்லது. மே மாதம் அது அடிக்கடி தனியாக வர ஆரம்பித்தது. ஒரு காலையில் ஐந்து முறை, ஏழு முறை. அது கேள்வியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்றை எனக்கே படிக்க முடிந்தது.

மே கடைசியில் உராபே ஒரு உதவிப் பெண்ணோடு வந்துவிட்டார். முன்வாசலில் நின்றார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கயோ நாலடி தள்ளி மேசையருகே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தொற்றுக் காய்ச்சல், யாரும் தொடக் கூடாது என்று அவர் வலது காதில் சத்தமாகச் சொன்னேன்.

"என்னைப் பார்க்க வேண்டாம்னு அவங்களே சொன்னாங்களா?"

"தோகுஷிமா வர முடியாதுன்னு சொல்றா. அவளுக்கு நேரா சொல்ல சங்கடம்."

அவர் போனை எடுத்துத் தொட்டார். கயோவின் மார்பில் தொங்கிய பெட்டி மூச்சு விட்டது. சுதாச்சி, பிறகு சந்தனம். வாசல்வரை வந்தது.

"முகத்துல ஏதாவது மாறுச்சா?" என்று உதவிப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் அவர் காதருகே குனிந்து, "இல்லைங்க. பட்டாணி உரிச்சிட்டே இருக்காங்க" என்றாள்.

"சிரிக்கலையா?"

"இல்லைங்க."

கொண்டுவந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். குனிந்து வணங்கினார். கயோ இருந்த திசையைப் பார்த்து இல்லை, கொஞ்சம் வலது பக்கமாக, குடை வைக்கும் சட்டத்தைப் பார்த்து. அதைத் திருத்தலாம் என்று தோன்றியது, திருத்தவில்லை.

நான் போய் உட்கார்ந்ததும் கயோ கேட்டாள்.

"யாரு?"

"மீட்டர் பார்க்கறவர்."

"ரெண்டு பேர் நடந்த மாதிரி தரை அதிர்ந்துதே."

"புதுசா ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தார், பழக்கறதுக்கு."

தலையாட்டிவிட்டுப் பட்டாணியை எடுத்தாள். பொட்டலத்தில் அவல் இனிப்பு இருந்தது. சித்தி அனுப்பினாள் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை, இனிப்பு மட்டும்தான் தெரிகிறது என்றாள்.

ஜூன் வந்து போனது. தோகுஷிமா பற்றி அவள் பேசவே இல்லை. எங்கே போனாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், குளியலறை வாசல் வரைக்கும்கூட. ஜூலையில் ஒரு நிலநடுக்கம் வந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். தரை ஆடுவதற்குச் சில நொடி முன் வரும் அரசு எச்சரிக்கையில் பெட்டி வசாபிக் காரத்தை விட்டது. என் கண்ணில் நீர் வழிந்தது, கயோ குனிந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தரை ஆடியதும்தான் எழுந்தாள், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். அன்று நான் மட்டும் வீட்டில் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் யாரும் கேட்பதில்லை.

ஆகஸ்டில் முன்னோர் பூசைக்கு வீடு வீடாகக் குருக்கள் வருவார். எங்கள் பிரிவில் ஊதுபத்தியை நட்டுவைப்பதில்லை. ஒடித்துச் சாம்பலில் படுக்கவைப்போம். அதைச் செய்வது எப்போதும் கயோதான். பூசை மாடத்துக்குக் கீழே உள்ள இழுப்பறையில் ஊதுபத்திப் பெட்டியும் இருக்கும், ஊதுபத்தி போலவே குச்சியான கொசுவத்தித் துண்டுகள் போட்ட பெட்டியும் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி மரப்பெட்டிதான். முப்பது வருடமாக அப்படித்தான் இருக்கின்றன, யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. நான் தேநீர் எடுத்துவரச் சமையலறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அப்பா அம்மா படத்துக்கு முன்னால் கொசுவத்தி புகைந்துகொண்டிருந்தது. கயோ கையைக் கூப்பிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் தும்மினார்.

"என்ன ரித்சுகோ-சான், உங்க வீட்டுல புத்தரையும் கொசு கடிக்குதா?"

சிரிக்கத்தான் சொன்னார். பிறகு அவர் கண் கயோமேல் போனது. எய் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூட ஊதுபத்திக்கும் கொசுவத்திக்கும் வித்தியாசம் சொல்லும். இது இருபது வருடம் வாசனை விளையாட்டில் ஜெயித்தவள்.

"கயோ-சானுக்கு என்ன ஆச்சு? கேளுங்க அவங்களை" என்றார்.

நான் உட்கார்ந்து தட்டினேன். "புகை நல்லா வந்திருக்காம், அப்பாவுக்குப் புடிச்ச வாசனையாம்."

கயோ சந்தோஷமாகத் தலை குனிந்து வணங்கினாள். குருக்கள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரெயில் தெரியாது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டதற்கு யாரும் அப்படிச் சிரித்துக்கொண்டு வணங்க மாட்டார்கள் என்பது தெரிந்திருக்கிறது. அவர் அன்றே ஹிதாகாவுக்குப் போன் செய்தார். ஹிதாகா வந்து அவளைப் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். இது காய்ச்சலால் வந்ததில்லை, போன மோப்பம் இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். கூடத்தில் அந்த நீரில் அரைப் புட்டி குறைந்திருந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

நான்தான் செய்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தே, பத்தொன்பது காலையும் என் கையாலேயே ஊற்றினேன். நான் தடுமாறியதாகவோ புத்தி பேதலித்ததாகவோ வக்கீல் எழுதச் சொன்னார். அது பொய், வேண்டாம். தங்கைக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று நீங்கள் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனையில் விரல் தட்டத் தெரிந்த ஒரு பெண்ணை வைத்து எல்லாவற்றையும் கயோவிடம் சொல்லிவிட்டீர்கள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள் என்றீர்கள். "அவர் எப்போ நிறுத்தினார்?" அந்தப் பெண், "நிறுத்தவே இல்லை" என்று தட்டினாளாம். அப்போது தன் இரண்டு கைகளையும் உருவி அக்குளில் செருகிக்கொண்டவள், நான்கு நாளாக யாருக்கும் கொடுக்கவில்லை என்றீர்கள். டாக்டருக்கும் இல்லை, ஹிதாகாவுக்கும் இல்லை. உராபே வந்து மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அவருக்கும் இல்லை. வாயருகே கரண்டியை வைத்தால் திறக்கிறாள், அவ்வளவுதான் என்றீர்கள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. சின்ன வயசு, வேகமாகத் தட்டியிருப்பாள். எதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டாள். என்னை ஒரு மணி நேரம் அங்கே கூட்டிப்போங்கள், கூடவே நீங்களும் உட்கார்ந்திருங்கள். நடந்தது முழுவதையும் நானே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். வலிக்கக்கூடியதை மட்டும் விட்டுவிடுவேன். நீங்கள் எல்லோரும் நினைப்பது போல அவள் கையை மூடிக்கொள்ளவில்லை. எனக்காக வைத்திருக்கிறாள்.